மனசு படிக்கப் போன நாலு பேர்

அம்பாசமுத்திரத்தில் புத்திசாலிகள் நிறைய உண்டு. அவர்களைப் பற்றிச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இது அந்த ஊரிலிருந்து எம்.எஸ்சி. உளவியல் படிக்கக் கிளம்பிய மற்ற நாலு பேரின் சங்கதி.

மாவு மில்காரர் மகன் பேச்சிமுத்து, ஜவுளிக்கடை பீர் முகம்மது, எஸ்தர், சங்கரவடிவு. நாலு பேரும் ஒரே பெஞ்சில் மூன்று வருடம் உட்கார்ந்து பி.எஸ்சி. முடித்தவர்கள். எஸ்தர் எதையும் நோட்டில் எழுதி வைப்பாள். பீர் முகம்மது எதற்கும் முதலில் எழுந்து ஓடுவான், எந்தப் பக்கம் என்று அப்புறம் கேட்பான். வடிவுக்குச் சந்தேகம் வரும். ஆனால் காரியம் முடிந்த பிறகுதான் வரும். பேச்சிமுத்துவோ மற்ற மூவரையும்விடத் தனக்குக் கொஞ்சம் விவரம் கூடுதல் என்று நினைத்திருந்தான். மற்ற மூவரும் தங்களைப் பற்றி அப்படியேதான் நினைத்திருந்தார்கள்.

பேச்சிமுத்துவுக்கு இந்தப் படிப்பு ஒரு விளையாட்டு இல்லை. அவன் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது வெள்ளம் வந்து மில்லுக்குள் புகுந்துவிட்டது. தண்ணீர் வடிந்தது, அவன் அம்மா மட்டும் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மாதம் ஒரு வார்த்தை கிடையாது. அப்புறம் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் செவ்வாய்க்கிழமை தோறும் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து போனாள். நாலாவது செவ்வாய்க்கிழமை அம்மா வாயைத் திறந்து, "காப்பி குடிக்கியாம்மா?" என்று கேட்டாள். அன்றைக்கே பேச்சிமுத்து முடிவு செய்துவிட்டான், தானும் அந்த ஆஸ்பத்திரி அம்மா மாதிரி ஆக வேண்டும் என்று.

இதை அவன் முதன்முதலாகச் சொன்னபோது பீர் முகம்மது வெகுநேரம் யோசித்து, "அப்போ சேலை கட்டணுமாலே?" என்று கேட்டான்.

அப்பாவின் கணக்கு வேறு. "ஆடி பொறக்கதுக்குள்ள சீட்டு வரணும். வரலைன்னா சூரத்துல பெரியப்பா பெல்ட்டுக் கடைக்கு டிக்கெட்டுப் போட்டிருவேன்" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து பேச்சிமுத்து காலண்டரில் ஒவ்வொரு நாளாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டு வந்தான்.

அவர்களுக்குத் தெரிந்து எம்.எஸ்சி. உளவியலில் இடம் வாங்கியவள் ஒருத்திதான். இரண்டு வருடம் முன்னால் படித்த மரியசெல்வி அக்கா. அவளிடம் எஸ்தர் யோசனை கேட்டாள். அக்கா மலைக்கிராமம் ஒன்றில் இரண்டு மாதக் களப்பணிக்குப் போக ரயில் ஏறிக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் நின்றபடியே குரல் பதிவு அனுப்பினாள்:

"ஏ பிள்ளைகளா, அங்கன சிக்னல் கிடையாது, அதனால இப்பவே சொல்லுதேன். ஒழுங்கா அடுக்கி வச்சுச் செஞ்சா சீட்டு உறுதி. எல்லாத்தையும் ஒரே இடத்துல வைங்க. ஒவ்வொரு யுனிவர்சிட்டிக்கும் ஒரு கலர் குடுத்துருங்க, குழப்பம் வராது. உங்களை நல்லாத் தெரிஞ்சவங்ககிட்ட சிபாரிசு லெட்டர் வாங்குங்க. ஏன் இதைப் படிக்கணும்னு ஒரு பக்கம் எழுதச் சொல்லுவாங்க, சொந்த வார்த்தையில எழுதுங்க. கடைசி நாளுக்காகக் காத்துக்கிட்டு இருக்காதீங்க. ஒரிஜினலை யார் கேட்டாலும் குடுத்துராதீங்க. நான் சொன்னதை அப்படியே செய்ங்க, என்ன?"

ரயில் கூவியது. பதிவு முடிந்தது.

நாலு பேரும் அதை ஒன்பது தடவை கேட்டார்கள். எஸ்தர் இருமல் உட்பட எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"கடைசியில என்ன சொல்லுதாவ கவனிச்சியளா?" என்றாள். "அப்படியே செய்யணும். நம்ம புத்தியைக் கலக்கக் கூடாது."

அதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை.

முதல் காரியம், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது. சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அசலையெல்லாம் மாவு மில்லுக்குக் கொண்டுவந்தார்கள். பேச்சிமுத்துவின் தாத்தா காலத்து டிரங்குப் பெட்டி ஒன்று கிடந்தது. அதைத் துடைத்து, நாலு பேருடைய மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் உள்ளே அடுக்கினார்கள்.

"ஒருத்தர் சாமான்ல இன்னொருத்தர் கை வைக்கக் கூடாதுல்லா?" என்றான் பீர் முகம்மது. நியாயம்தான். ஆளுக்கொரு பூட்டு வாங்கி வந்தார்கள். அமுக்கினால் பூட்டிக்கொள்கிற நல்ல பூட்டு.

"சாவியை யாரு வச்சிருக்க?" என்று பேச்சிமுத்து கேட்டான்.

எஸ்தர் நோட்டைப் பார்த்தாள். "'எல்லாத்தையும்'னு போட்டிருக்கு. சாவியும் எல்லாத்துல சேர்த்திதான?"

நாலு சாவியையும் உறையில் போட்டு, மேலே 'சாவிகள்' என்று எழுதி, பெட்டிக்குள் வைத்து மூடி, நாலு பூட்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினார்கள். டக் என்று சத்தம் வந்தது. பேச்சிமுத்துவுக்குப் பிடரியில் ஏதோ குறுகுறுவென்றது. என்னவென்று பிடிபடவில்லை. மற்றவர்கள் முகத்தில் திருப்தி தெரிந்ததால் அவனும் திருப்திப்பட்டுக்கொண்டான்.

அடுத்தது கலர்.

விண்ணப்பிக்க மூன்று பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்குகிறது என்று பக்கத்தது, நடுவுல உள்ளது, தூரத்தது என்று வைத்துக்கொண்டார்கள்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர் குடுக்கணும்னா, எந்தக் கலரு?" என்றாள் எஸ்தர்.

"இதுல என்னட்டி யோசனை? பெட்டிக்கடையில குடிக்கதுக்கு மூணு கலர்தான இருக்கு. ஆரஞ்சு, திராட்சை, பன்னீர்" என்றான் பீர் முகம்மது. அவன் ஏற்கெனவே செருப்பை மாட்டிவிட்டான்.

"அவ்வளவு பெரிய யுனிவர்சிட்டிக்கு ஒரு பாட்டில் போதுமா?" என்று பேச்சிமுத்து கவலைப்பட்டான்.

"ஒரு கலர்னுதான் அக்கா சொல்லிருக்காவ. ரெண்டு குடுத்தா லஞ்சம்" என்றாள் எஸ்தர் கண்டிப்பாக.

நடுவுல உள்ளதற்குத் திராட்சைக் கலர் என்று முடிவாயிற்று. நாலு பேருடைய விண்ணப்பத்தையும் பாட்டிலைச் சுற்றி நன்றாக இறுக்கிக் கட்டி, பார்சலாக அனுப்பினார்கள். காகிதம் சுற்றியிருந்தால் பாட்டில் உடையாது என்பது பீர் முகம்மதுவின் கண்டுபிடிப்பு. பத்தாம் நாள் பார்சல் திரும்பி வந்தது. உள்ளே கண்ணாடித் தூளும் ஊதா நிறத்தில் நாலு விண்ணப்பமும் இருந்தன. எறும்புகள் பாதி வழியிலேயே ஏறியிருக்க வேண்டும். எல்லாம் வெளியூர் எறும்பு.

"ஒண்ணு போச்சு" என்றான் பேச்சிமுத்து.

"போனாலும் குழப்பமில்லாம போச்சு. அக்கா சொன்னது சரிதான்" என்றாள் எஸ்தர்.

பிறகு சிபாரிசுக் கடிதம். கல்லூரிப் பேராசிரியர்களிடம் கேட்கலாமா என்று பேச்சு வந்தது.

"அவங்களுக்கு நம்மளை நல்லாத் தெரியாதே" என்றாள் வடிவு. "கணபதி சார் மூணு வருசமா என்னை எஸ்தர்னுதான் கூப்பிட்டாரு."

"என்னை வடிவுன்னு கூப்பிட்டாரு" என்றாள் எஸ்தர். அதனால் பேராசிரியர்களை விட்டுவிட்டார்கள்.

பேச்சிமுத்துவை நல்லாத் தெரிந்தவர் சலூன்காரர். அவர் யோசித்து யோசித்து எழுதிக் கொடுத்தார்: 'பேச்சிமுத்துவின் தலையைப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். வெளியே இரண்டு சுழி. உள்ளே இருப்பதற்கு நான் பொறுப்பில்லை.' பீர் முகம்மதுவுக்கு டவுன் பஸ் கண்டக்டர் எழுதினார்: 'இவர் தினமும் படிக்கட்டிலேயே நிற்கிறார். எவ்வளவு சொல்லியும் உள்ளே வருவதில்லை. நீங்களாவது உள்ளே எடுத்துக்கொள்ளவும்.' எஸ்தருக்கு அவள் அக்காவே எழுதினாள். அது நாலு பக்கம். கண்ணாடிக்கு முன்னால் அவள் எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்பதோடு தொடங்கியது. வடிவுக்குத்தான் ஆள் அகப்படவில்லை. கடைசியில் அவளே உட்கார்ந்து, 'எனக்குத் தெரிந்தவரை வடிவு நல்ல பெண். முழுதாகத் தெரியும் என்று சொல்ல மாட்டேன்' என்று தனக்குத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சொந்த வார்த்தையில் எழுதுவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

"எனக்குச் சொந்தமா ஒரு வார்த்தையும் இல்லையேலே" என்றாள் வடிவு கலக்கத்தோடு.

"மனசுங்கறது?" என்று கேட்டான் பேச்சிமுத்து.

"அது எல்லாரும் சொல்லுதது. போன வாரம் மீன்காரரு கூடச் சொன்னாரு."

"அப்போ நாமளே வார்த்தை செய்வோம்" என்று பீர் முகம்மது எழுந்தான். சாயங்காலத்துக்குள் ஒரு பக்கம் நிரப்பிவிட்டான். 'சிறுவயது முதலே எனக்கு லொம்பியான் மீது தீராத குழுப்பாசை. மனிதர்களின் டபுரத்தைப் புரிந்துகொண்டு அவர்களைச் சிலுமிக்க வைப்பதே என் நோக்கம்' என்று அது ஆரம்பித்தது. படித்துக் காட்டியபோது எஸ்தருக்குக் கண் கலங்கிவிட்டது. "டபுரம்னா என்னல?" என்று கேட்டாள். "அதைச் சொன்னா உனக்கும் சொந்தமாயிருமே" என்றான்.

எஸ்தரும் வடிவும் தங்களால் முடிந்த அளவுக்குச் செய்தார்கள். பேச்சிமுத்துவால் முடியவில்லை. அம்மா, வெள்ளம், செவ்வாய்க்கிழமை, காப்பி. அவன் எழுத நினைத்த ஒவ்வொரு வார்த்தையும் வேறு யாரோ உபயோகித்தது. மூன்று நாள் பேனாவைக் கடித்துவிட்டு, வெற்றுத்தாளின் அடியில் 'இங்ஙனம், உண்மையுள்ள, பே. பேச்சிமுத்து' என்று எழுதினான். அப்புறம் 'உண்மையுள்ள' என்பது சொந்த வார்த்தை இல்லை என்று அதையும் அடித்துவிட்டான்.

தூரத்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை.

"கடைசி நாளுக்காகக் காத்துக்கிட்டு இருக்கக் கூடாது" என்று எஸ்தர் நோட்டைப் புரட்டி ஞாபகப்படுத்தினாள். "வீட்டுல சும்மா இருந்தா காத்துக்கிட்டு இருக்க மாதிரி ஆயிரும். எங்கயாவது போயிருவோம்."

மணிமுத்தாறு அருவிக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமையை நினைக்கவே கூடாது என்று ஆளுக்கு ஆள் சத்தியம் செய்துகொண்டு நன்றாகக் குளித்தார்கள். பேச்சிமுத்து ஒரு தடவை காலண்டரை நினைத்துவிட்டுச் சட்டென்று தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டான். சனிக்கிழமை காலை நாலு பேரும் சந்தித்தபோது முகமெல்லாம் தெளிவாக இருந்தது.

"கொஞ்சங்கூடக் காத்திருக்கல" என்றான் பீர் முகம்மது பெருமையாக.

வடிவுக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. "ஏட்டி, அப்ளிகேசனை அனுப்பியாச்சா?"

எஸ்தர் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினாள்.

"அனுப்பச் சொல்லி அக்கா எங்கயுமே சொல்லலியே" என்றாள்.

பேச்சிமுத்து வீட்டுக்குப் போனால், அப்பா சூரத் ரயில் எத்தனை மணிக்கு என்று யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி மிச்சம் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுதான். திங்கட்கிழமையே நாலு பேரும் விண்ணப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு பன்னீர்க் கலரும் வாங்கிக்கொண்டு, பஸ் ஏறினார்கள். விண்ணப்பம் வாங்கும் ஜன்னலில் வழுக்கைத் தலையோடு ஒரு குமாஸ்தா இருந்தார்.

"இது என்னது?"

"கலர் சார். யுனிவர்சிட்டிக்கு" என்றான் பேச்சிமுத்து.

"யுனிவர்சிட்டின்னா யாருக்கு?"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கட்டடத்துக்கா இருக்கும்" என்றாள் வடிவு. "துணைவேந்தருக்குலே" என்றான் பீர் முகம்மது. குமாஸ்தா வெளியே பார்த்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "இப்போதைக்கு நான்தான்" என்று சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடித்தார். ரசீது வேண்டும் என்று எஸ்தர் பிடிவாதம் பிடித்ததால், காலி பாட்டில் மேல் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

இரண்டு வாரத்தில் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. 'அசல் சான்றிதழ்களுடன் வரவும்' என்று எழுதியிருந்தது.

டிரங்குப் பெட்டியை ஆளுக்கொரு மூலை பிடித்துத் தூக்கினார்கள். பஸ்ஸில் கண்டக்டரிடம் அதற்கு ஓர் அரை டிக்கெட் கேட்டார்கள். பல்கலைக்கழக வராந்தாவில் பெயர் சொல்லி அழைத்தபோது பேச்சிமுத்துவைத்தான் அழைத்தார்கள்; ஆனால் பெட்டியை ஒருவனாகத் தூக்க முடியாது என்பதால் நாலு பேரும் உள்ளே போனார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் துறைத் தலைவர் அமிர்தகௌரி மேடம்.

"ஒரிஜினல் எங்கப்பா?"

"பெட்டிக்குள்ள மேடம்."

"எடுங்க, பார்ப்போம்."

பேச்சிமுத்து பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டான். "யார் கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க மேடம்."

"நான் வாங்கிக்கல. பார்க்கத்தான் கேக்கேன்."

நாலு பேரும் மூலைக்குப் போய்க் குசுகுசுவென்று ஆலோசித்தார்கள். பார்ப்பது கொடுப்பதில் சேராது என்று எஸ்தர் தீர்ப்புச் சொன்னாள். திரும்பி வந்தார்கள்.

"காட்டலாம் மேடம்" என்றான் பேச்சிமுத்து.

"சரி, தொறங்க."

"சாவி வேணும் மேடம்."

"சாவி எங்க?"

"பெட்டிக்குள்ள."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர், "இது ஏதும் உளவியல் சோதனையா மேடம்? நம்மளைச் சோதிக்காங்களோ?" என்று மெதுவாகக் கேட்டார். மேடம் விண்ணப்பத்தைப் புரட்டினார். வெற்றுத்தாள் வந்தது.

"ஏன்ப்பா ஒண்ணுமே எழுதல?"

"சொந்த வார்த்தை கிடைக்கல மேடம்."

"கிடைச்ச வார்த்தையில சொல்லேன்."

யாருடைய வார்த்தையிலும் சொல்லலாம் என்று அவனுக்கு அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. பேச்சிமுத்து வெள்ளத்தைச் சொன்னான். ஈரமாவு நாற்றத்தைச் சொன்னான். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை, அந்தப் பெண் ஒன்றுமே கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து போனதை, நாலாவது செவ்வாய்க்கிழமையை, காப்பியைச் சொன்னான். "அம்மா அன்னைக்குப் போட்ட காப்பியில சீனியே இல்ல மேடம். அந்த ஆஸ்பத்திரி அம்மா அதை முழுசாக் குடிச்சாங்க. அது மாதிரி குடிக்கப் படிக்கணும்."

பீர் முகம்மது மூக்கை உறிஞ்சினான்.

"யாராவது போயி ஒரு ரம்பம் கொண்டுவாங்க" என்றார் மேடம்.

பூட்டுகளை அறுத்தார்கள். சான்றிதழெல்லாம் பத்திரமாக இருந்தன. மேலே இருந்த உறையை எடுத்து எஸ்தர், "சாவியும் இருக்கு பாத்தியளா, ஒண்ணுகூடத் தொலையல" என்று மேடத்திடம் காட்டினாள்.

அந்த வருடம் அந்தப் படிப்புக்கு இருந்தது முப்பது இடம். விண்ணப்பித்தவர்கள் இருபத்தாறு பேர். தேர்வுக் குழு இரண்டு நாள் கூடி ஆழமாக ஆலோசித்து, இருபத்தாறு பேரையும் எடுத்துக்கொண்டது.

ஆடி பிறக்க ஐந்து நாள் இருக்கும்போது பேச்சிமுத்து வீட்டுக்குக் கடிதம் வந்தது. அப்பா அதை மில்லில் நின்றபடியே மூன்று தடவை படித்துவிட்டு சூரத்துக்குப் போன் போட்டு, "அவன் வரல. மேல படிக்கப் போறான்" என்றார். மேல என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது. அம்மா காப்பி போடப் போனாள். பேச்சிமுத்து காலண்டரில் கோடு போடுவதை நிறுத்தினான்.

மற்ற மூவருக்கும் அதே கடிதம் வந்திருந்தது. நாலு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். கடைசி வரி நாலிலும் ஒன்றுபோல் இருந்தது: 'தங்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ள இருக்கையை ஏழு நாட்களுக்குள் நேரில் வந்து உறுதி செய்துகொள்ளவும். தவறினால் அது வேறொருவருக்கு அளிக்கப்படும்.'

"இருக்கை ஆடுது போல" என்றாள் எஸ்தர் கவலையோடு.

"கவர்மெண்டு சாமான் அப்படித்தான இருக்கும்" என்றான் பீர் முகம்மது. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினவன், துளை போடும் மிஷினோடு கொம்பையா ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

சனிக்கிழமை. பல்கலைக்கழகத்தில் வகுப்பு இல்லை. காவலாளியிடம் பேச்சிமுத்து கடிதத்தைக் காட்டினான். அவர் மூக்குக்கண்ணாடி போட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, உறுதி செய்யவும் என்றும் இருந்தது. வகுப்பறையைத் திறந்துவிட்டுத் தானே மின்சாரப் பெட்டியைக் காட்டிக்கொடுத்தார்.

உள்ளே முப்பது மர நாற்காலி.

"இதுல நம்மது எது?" என்று கேட்டாள் வடிவு. கடிதத்தில் எண் போடவில்லை.

"எல்லாத்தையும் உறுதி பண்ணிருவோம்" என்றான் பேச்சிமுத்து. "மத்த பிள்ளைகளும் பாவம்லா."

கொம்பையா ஆசாரி சாயங்காலத்துக்குள் முப்பது நாற்காலியையும் தரையில் துளை போட்டு போல்ட் வைத்து முறுக்கிவிட்டார். பேச்சிமுத்து ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து இடமும் வலமும் ஆடிப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை. போல்ட் நாலு மிச்சம் இருந்தது. வீணாக்க மனமில்லாமல், எதிரே துறைத் தலைவர் அறை திறந்திருந்ததால், அங்கே இருந்த நாற்காலிக்கும் போட்டார்கள்.

கடைசி போல்ட்டை முறுக்கும்போது அமிர்தகௌரி மேடம் ஏதோ தாள் எடுக்க வந்தவர் வாசலில் நின்றார். நாலு பேரையும் ஆசாரியையும் தரையில் கிடந்த சிமெண்டுத் தூளையும் பார்த்தார்.

"என்ன பண்றீங்க?"

"இருக்கையை உறுதி செய்யுதோம் மேடம்" என்றான் பேச்சிமுத்து பணிவாக. "எங்களது முடிஞ்சுது. அப்படியே உங்களதையும் செஞ்சாச்சு. இனி உங்களை இந்த இடத்தை விட்டு யாராலயும் அசைக்க முடியாது."

அமிர்தகௌரி மேடம் அந்தத் துறைக்கு நாலு வருடமாகப் பொறுப்புத் தலைவர். நிரந்தரத் தலைவர் இன்றைக்கு வருவார் நாளைக்கு வருவார் என்று நாலு வருடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் மெதுவாக வந்து நாற்காலியைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார். பின்னால் தள்ளிப் பார்த்தார். உட்கார்ந்தார். இரண்டு கையையும் கைப்பிடி மேல் வைத்துக்கொண்டு இடமும் வலமும் ஆடிப் பார்த்தார்.

அப்புறம் கதவுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, ஆசாரியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இன்னும் ரெண்டு போல்ட் இருக்கா?"